இங்கிலாந்தின் கால்வாய்களில் ஒரு வாரம் படகு ஓட்டலாமா?

கேள்வி இதுதான்: "நாங்கள் நான்கு பேர், பிள்ளைகளுக்கு 9, 13 வயது. அடுத்த கோடையில் இங்கிலாந்தில் நேரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் கால்வாய்களில் சுற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. பல கால்வாய்கள் சேர்ந்து வட்டமாக அமைந்த ஃபோர் கவுன்டீஸ் ரிங் என்ற வளையத்தை முழுக்கச் சுற்றிவிடலாம் என்கிறார். போய்வந்த நண்பர் ஒருவரோ, பாதி வழியில் கால்வாய் மூடிக் கிடந்தது, இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?"

இருவர் சொல்வதும் உண்மைதான். போங்கள், ஆனால் வளையத்தை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். மிட்லண்ட்ஸ் பக்கம் பல வருடமாகக் குடியிருந்துகொண்டு, வாடகைப் படகிலும் நண்பர்கள் படகிலும் இந்தக் கால்வாய்களில் சுற்றுகிறவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அந்த வளையம் 110 மைல், 94 லாக் (படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய கதவுத் தொட்டிகள்). கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆனால் கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போதெல்லாம் எஞ்சினை அடக்கிப் போக வேண்டும் என்பதால் சராசரியாக 3 மைல் தேறினாலே பெரிது. லாக் ஒன்றுக்கு இருபது நிமிடம் வையுங்கள். அதனால் படகுக்காரர்கள் மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்து மணிக்கணக்கைப் பார்ப்பார்கள். 204-ஐ மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். ஒரு வார வாடகை என்பது முதல் நாள் மதியத்துக்கு மேல் தொடங்கிக் கடைசி நாள் காலையில் முடிந்துவிடும். ஆக, தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பழகிய பெரியவர்கள் நான்கு பேர் என்றால் செய்யலாம். ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் அது விடுமுறையாக இருக்காது.

வளையத்தில் இன்னொரு வில்லங்கம், அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் போச்சு. 2018 மார்ச்சில் இந்த வளையத்தின் ஒரு பக்கமான மிடில்விச் கிளைக் கால்வாயில் கரை உடைந்தது. யாரோ லாக்கின் மதகுகளைத் திறந்தபடியே விட்டுப் போனதில் தண்ணீர் ஏறிக் கரையை வழித்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சரிசெய்து மறுபடி திறக்க அந்த ஆண்டின் கடைசிவரை ஆனது. அந்தக் கோடைக்கு வளையம் போகத் திட்டமிட்டிருந்தவர்கள் போன வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

உங்கள் நண்பர் சொன்ன மூடல் விவகாரத்தைப் புரிந்துகொள்ள, இந்தக் கால்வாய்கள் யார் கையில் இருக்கின்றன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழியை கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. 2012 வரை இது பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. (எல்லாக் கால்வாயும் இவர்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் இன்றும் தனியார் சொத்து. ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு.) ட்ரஸ்டுக்கு அரசு மானியம் உண்டு, அது 2027 முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று குறைந்துகொண்டே போகும் என 2023-இல் அறிவித்துவிட்டார்கள். சொத்தோ இருநூறு வயதைத் தாண்டியது. செங்கல் லாக்குகள், மண் கரைகள், எழுபதுக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்கள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மக்கர் பண்ணும்.

2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கு மழையில் பெயர்ந்து, ஊரில் 1,500 பேரை வெளியேற்றினார்கள். அது குடிநீர் ஏரி இல்லை, பீக் ஃபாரஸ்ட், மேக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியது. இதன் மறு எல்லை வறட்சி. 2025-இல் வசந்தம் வறண்டு போக, லீட்ஸ் லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதியையே மே மாதம் முதல் மூடினார்கள். இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமா என்று நம்மாட்கள் கேட்பார்கள். ஒரு குறுகிய லாக்கை ஒருமுறை நிரப்பி வடிக்கவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. கால்வாய் குன்றைத் தாண்டும் உச்சிப் பகுதியில் ஏரியில் தண்ணீர் இல்லையென்றால், அங்கே எந்த ஆறும் வந்து கைகொடுக்காது. இது போக, நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காகத் திட்டமிட்டே மூடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கதவை மாற்ற வேண்டுமானால் தண்ணீரை வடித்துத்தான் ஆக வேண்டும்.

சொந்தப் படகு வைத்திருப்பவர்களின் புலம்பல் வேறு ரகம். ஆண்டு உரிமக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ். நிலையான கட்டுமிடம் இல்லாமல் ஊர்ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர்கள் 1995 சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது; அவர்களுக்கு 2024 முதல் கூடுதல் கட்டணமும் சேர்ந்தது. "காசு மட்டும் ஏறுகிறது, கரையில் புல் வெட்ட ஆள் இல்லை, தூர் வாருவதும் இல்லை, நீலப் பலகை மட்டும் வித விதமாக நடுகிறார்கள்" என்று எந்த லாக்கில் நின்றாலும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம். பலகை விஷயத்தில் நான் அவர்கள் கட்சி. தூர் வாரும் விஷயத்திலும் பாதி அவர்கள் கட்சிதான். எதிரே வரும் படகுக்கு வழிவிட்டு வலப்பக்கம் ஒதுங்கினால் அடி தரைதட்டி, இருபது நிமிடம் நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. ஆனால் உரிமக் கட்டணத்தை மட்டும் வைத்து இத்தனை அணையையும் கரையையும் காப்பாற்ற முடியாது என்பதை இந்தப் புலம்பல்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வாடகைக்குப் போகிற உங்களுக்கு உரிமம், காப்பீடு எல்லாம் நிறுவனத்தின் கவலை. படகு ஓட்ட எந்த லைசென்ஸும் வேண்டாம். அதுதான் பயமாகவும் இருக்கும். அறுபது அடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம், பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கத்தில் நின்று சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அதுவும் கார் மாதிரி முன்பக்கமாகத் திரும்பாது. நடுவை ஊன்றிக்கொண்டு முனை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் போகும். பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டால் வேகம் குறையும், ஆனால் அந்த நேரத்தில் சுக்கான் பேச்சைக் கேட்காது. முதல் நாள் மாலைக்குள் இரண்டு பாலத்திலாவது இடிப்பீர்கள், எல்லோரும் இடிக்கிறார்கள். மெதுவாக இடித்தால் ஒன்றும் ஆகாது. கையையோ காலையோ நீட்டித் தடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

இனி லாக். இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு செங்கல் தொட்டி. மேலே ஏற வேண்டுமென்றால் தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் படகை விட்டுக் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்பக்கத்து மதகைத் திறந்தால் தண்ணீர் நிறைந்து படகு தானாக உயரும். மதகைத் தூக்குவதற்கு வின்ட்லஸ் என்ற எல் வடிவ இரும்புக் கைப்பிடி தருவார்கள். அதைப் பல்சக்கரத்தின் அச்சில் மாட்டிச் சுற்ற வேண்டும். சில லாக்குகளில் ஒரு கையால் சுற்றலாம், சிலவற்றில் முழு உடம்பையும் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் நண்பரின் இடுப்பு போனது இங்கேதான் இருக்கும். பாதியில் விட்டால் மதகு இறங்கிவிடாதபடி ஒரு சின்னக் கொக்கி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். அது சரியாக விழுந்ததா என்று பார்க்காமல் கையை எடுத்தால் வின்ட்லஸ் சுழன்று பறக்கும். பல் போனவர்கள் உண்டு.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திண்டு இருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எங்கே முடிகிறது என்று பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்புறம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இல்லாவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க வால் திண்டில் உட்கார்ந்துகொண்டு முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். சுக்கான் பிடிப்பவரின் கண் அந்தக் கோட்டைவிட்டு நகரக் கூடாது, மதகு திறப்பவரின் கண் சுக்கான் பிடிப்பவரைவிட்டு நகரக் கூடாது. ஏதோ சரியில்லை என்று தோன்றினாலே மதகை இறக்கிவிட வேண்டும். ஃபோனைப் பாக்கெட்டிலேயே வையுங்கள்.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. கழிவறைத் தொட்டி நிறையும், அதை உறிஞ்சி எடுக்கும் இடம் அடுத்து எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துவைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சில இடத்தில் நூல் மாதிரி வரும், தொட்டி நிரம்ப ஒரு மணி நேரமும் ஆகும். படகைக் கட்டி நிறுத்தியிருக்கும்போது இரவு எட்டு முதல் காலை எட்டு வரை எஞ்சின் ஓட்டக் கூடாது. பப் பக்கத்தில் படகு கட்ட நல்ல இடம் வேண்டுமென்றால் மூன்று, நான்கு மணிக்கே போய்ச் சேர வேண்டும். கட்டிய படகைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினால் ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துத் திட்டும். கரையில் ஏழெட்டு மீட்டர் தூண்டிலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பவர், உங்கள் படகின் முனை பத்தடி தூரத்தில் வரும்வரை அதை அசைக்கவே மாட்டார்.

நகரங்களுக்குள் போனால் புரொப்பெல்லரில் ஏதாவது சிக்கும். எஞ்சின் சத்தம் கனத்து, புகை கறுத்து, படகு நகராமல் தண்ணீரை மட்டும் கலக்கினால் அதுதான் அறிகுறி. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தின் பலகையைத் தூக்கி, கீழே உள்ள மூடியைக் கழற்றித் தோள்வரை கையை விட வேண்டும். மே மாதத்திலும் தண்ணீர் குத்தும். பிளாஸ்டிக் பை, நைலான் கயிறு, போர்வை, ஒருசமயம் ஜரிகையோடு ஒரு முழுச் சேலை எல்லாம் ரொட்டிக் கத்தியால் அறுத்து எடுத்ததுண்டு. சேலை ரொம்ப மோசம். ஐந்தரை மீட்டரும் இறுகச் சுற்றிக்கொள்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சுகமும் இந்த வேலைக்குள்ளேயேதான் இருக்கிறது. பயணியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டாம் நாளே சலிப்புத் தட்டிவிடும். லாக்குகள் வரிசையாக வரும் இடத்தில் ஒருவர் வின்ட்லஸோடு முன்னால் நடந்து அடுத்த தொட்டியைத் தயார் செய்ய, ஒருவர் இங்கே கதவைத் திறக்க, ஒருவர் சுக்கான் பிடிக்க என்று ஆளுக்கொரு வேலை அமைந்துவிட்டால், நான்காவது லாக்கிலிருந்து யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. பதின்மூன்று வயதுப் பெண்ணோ பையனோ, கதவின் நீண்ட உத்திரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றித் தள்ள, டன் கணக்கில் எடையுள்ள கதவு அசைந்து கொடுக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். இரு பக்கமும் தண்ணீர் மட்டம் ஒன்றாகும்வரை பத்து பேர் தள்ளினாலும் அசையாது. ஒன்றானதும் ஒரு பிள்ளை தள்ளினாலே போதும். பௌதிகப் பாடத்தை வேறெங்கும் இப்படிப் படிக்க முடியாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது, நிலத்தைச் சுக்கான் வழியாகத் தெரிந்துகொள்வது. 1772-இல் முடிந்த ஸ்டாஃபர்ட்ஷயர் அண்ட் வொர்ஸ்டர்ஷயர் கால்வாய் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் வேலை. மேடு வந்தால் வெட்டமாட்டார், பள்ளம் வந்தால் நிரப்பமாட்டார், ஒரே மட்டத்தில் குன்றைச் சுற்றிச் சுற்றியே போவார். ஓட்டுகிறவருக்கு ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது. வளைவுக்குப் பின்னால் வளைவு. அங்கிருந்து ஓதர்லியில் திரும்பி ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய்க்குள் நுழைந்தால் எல்லாம் மாறிவிடும். அது 1835-இல் திறந்தது, தாமஸ் டெல்ஃபோர்ட் கோடு போட்டது. ரயில் வந்துவிட்ட காலம், நேரத்தை மிச்சப்படுத்தியாக வேண்டும். குன்று வந்தால் ஆழமாக வெட்டு, பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்து. மைல் கணக்கில் நேராகப் போகும். வெட்டிய பகுதியில் பாசி படிந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே பகலிலும் இருட்டு. ஷெல்மோர் என்ற இடத்தில் கொட்டிய மண் வருடக்கணக்காகச் சரிந்துகொண்டே இருந்தது. அது நிலைத்து நின்றதைப் பார்க்காமலே 1834-இல் டெல்ஃபோர்ட் இறந்துவிட்டார். இன்று அந்தக் கரையின் மேல் மரங்களுக்கு நடுவே படகு ஓட்டும்போது அது மனிதன் கொட்டிய மண் என்றே தோன்றாது.

பழைய பாலங்களுக்கு அடியில் போகும்போது கரைப்பாதைப் பக்கத்து மூலையைப் பாருங்கள். கல்லிலும், கல்லைக் காக்க அடித்த இரும்புப் பட்டையிலும் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கும். குதிரைகள் படகை இழுத்த காலத்தில் மணல் ஒட்டிய ஈரக் கயிறு உரசி உரசி அறுத்தவை. பிள்ளைகள் அதில் விரலை வைத்துப் பார்க்காமல் வர மாட்டார்கள்.

அப்புறம் பறவைகள். சாம்பல் நாரை ஒன்று கரையில் நிற்கும், படகு நெருங்கியதும் அலுத்துக்கொண்டு எழுந்து நூறு அடி முன்னால் போய் மறுபடி நிற்கும். அதன் எல்லை முடியும்வரை இதையே செய்யும். சுற்றிப் பின்னால் போய்விட்டால் தொல்லை இல்லை என்று அதற்குத் தோன்றவே தோன்றாது.

சரி, எங்கே போவது? உங்கள் குடும்பத்துக்கு லாங்கோலன் கால்வாயைச் சொல்வேன். எல்ஸ்மியர் பக்கம் ஏறி லாங்கோலன் ஊர்வரை போய்த் திரும்பினால் ஒரு பக்கத்துக்கு நியூ மார்ட்டனில் இரண்டே லாக்தான். வின்ட்லஸ் சுற்றிப் பார்த்த அனுபவமும் கிடைக்கும், இடுப்பும் தப்பும். வழியில் சர்க் நீர்ப்பாலமும் சுரங்கமும் வரும், அதைத் தாண்டினால் பொன்ட்கசுல்டே நீர்ப்பாலம். 1805-இல் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் முடித்தது, டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஓர் அடிகூட இருக்காது. சுக்கான் பிடித்து நிற்பவர் குனிந்தால் நேரே கீழே ஆறுதான். உயரம் என்றால் தலைசுற்றும் ஆள் யாராவது இருந்தால் படகுக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கட்டும். தொட்டியின் நடுவில் அடியில் ஓர் அடைப்பான் இருக்கிறது. பராமரிப்புக்கு அதைப் பிடுங்கி மொத்தத் தண்ணீரையும் ஆற்றில் கொட்டவிடுவார்கள். நீங்கள் போகும் கோடையில் அதைப் பார்க்கக் கிடைக்காது.

இந்தக் கால்வாய் பிழைத்திருப்பதே ஒரு கதை. 1944-இல் ரயில் நிறுவனம் இதைக் கைவிடச் சட்டப்படி அனுமதி வாங்கியது. ஆனால் லாங்கோலனுக்கு மேலே டீ ஆற்றில் எடுக்கும் தண்ணீர் இதன் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் செஷயர் ஊர்களுக்குக் குடிநீராகிறது. அதனால் தூர்க்க முடியவில்லை. மற்றக் கால்வாய்களில் நின்ற தண்ணீர், இதில் ஓடும் தண்ணீர். லாங்கோலன் நோக்கிப் போகும்போது எதிரோட்டம், குறுகலான இடங்களில் படகு நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். திரும்பும்போது அதே ஓட்டம் தள்ளிக்கொண்டு வரும். கடைசி மைல்களில் இரண்டு படகு ஒதுங்க இடமே இல்லாத பகுதிகள் உண்டு. மூத்த பிள்ளையைக் கரைப்பாதையில் முன்னால் ஓடவிட்டு எதிரே படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வையுங்கள்.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வறட்சியும் சேர்ந்து வரும். முடிந்தால் மே கடைசி வாரத்து அரைப்பருவ விடுமுறையைப் பாருங்கள், கரையெல்லாம் ஹாதார்ன் பூத்திருக்கும். ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும் சமாசாரம் என்பதால், கால்வாய் மூடினால் வேறு இடத்திலிருந்து படகு தருவார்களா, பணம் திரும்ப வருமா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ட்ரஸ்டின் மூடல் அறிவிப்புகளைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகளை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், படகில் நல்ல கேஸ் அடுப்பு இருக்கும். ஆனால் குக்கர் விசிலைக் கட்டுமிடத்தில் வைத்துக்கொண்டால் பக்கத்துப் படகு நாய்கள் சும்மா இருக்காது. படகை உங்களிடம் ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். அவசரப்படாதீர்கள். பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் கேளுங்கள், புரொப்பெல்லர் மூடியைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். அதைச் சரியாக மூடாமல் எஞ்சினைப் போட்டால் தண்ணீர் உள்ளேதான் வரும்.